சிவப்பு விளக்கை உடைத்த பிறகு

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைகளிலிருந்து ரயில் பாதைகள் வந்து கூடுகின்றன. திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு ஒன்று. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று. கடலூர் வழியாக மாயவரத்துக்கு ஒன்று. பாண்டிச்சேரிக்கு ஒன்று. திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. இத்தனை வண்டிகளும் முட்டிக்கொள்ளாமல் போய் வருகிறதே, யார் காரணம்? இழுத்துக்கொண்டு ஓடுகிற எஞ்சின் இல்லை. 'நில்' என்று சொல்கிற சிவப்பு விளக்கு.

ஒரு ராத்திரி யாரோ புகுந்து அந்தச் சிவப்பு விளக்குகளை எல்லாம் உடைத்துவிட்டால்?

ஏறக்குறைய இந்தக் காரியத்தைத்தான் உடம்புக்குள் செய்கிறது, புற்றுநோய்க்குத் தரப்படும் இம்யூனோதெரபி. நம் ரத்தத்தில் 'டி செல்' என்று ஒரு போலீஸ் படை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிருமியைக் கண்டால் அடிக்கும். ஆனால் ஆவேசத்தில் சொந்த உடம்பையே அடித்துவிடக் கூடாதே! அதற்காக இயற்கை அதன்மேல் சில சிவப்பு விளக்குகளைப் பொருத்தி வைத்திருக்கிறது. புற்றுநோய் மகா தந்திரசாலி. அந்த விளக்கின் நிழலிலேயே ஒளிந்துகொண்டு வளரும். இம்யூனோதெரபி மருந்து விளக்கை அணைக்கிறது. படை பாய்கிறது. கட்டி கரைகிறது. எல்லோருக்கும் அல்ல, ஆனால் கரைந்தவர்களில் சிலர், கணக்கு முடிந்தது என்று கைவிடப்பட்டவர்கள்.

சரி, விளக்கை உடைத்தால் சரியான வண்டி மட்டும்தான் கிளம்புமா என்ன? சிலருக்குப் படை பெருங்குடலுக்குள்ளும் புகுந்து அடிக்க ஆரம்பித்துவிடும். நாளைக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. சளி, ரத்தம், வயிற்றைப் பிசைகிற வலி. டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கோலைட்டிஸ். பெருங்குடல் அழற்சி.

இதற்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தூரம்தான் சம்பந்தம். இந்த ஊர்க்காரர்கள் பெரிய வியாதி என்றால் ஒன்று, ஜிப்மருக்குப் போவார்கள். விழுப்புரத்திலிருந்து வளவனூர், கண்டமங்கலம் வழியாக ஒரு பஸ். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாக இன்னொரு பஸ். இல்லாவிட்டால் சென்னை. மருந்து அங்கே ஏறும். பக்கவிளைவு அங்கே வராது. பல வாரங்கள் கழித்து, சில சமயம் மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்து, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு, "கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல போலிருக்கு" என்று பையனை மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்புவார்கள். அவன் பேதியை நிறுத்த நாலு மாத்திரை வாங்கி வருவான். பேதி நிற்பது போலத் தெரியும். உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும். முற்றினால் ஓட்டை விழும். உயிர் போகும்.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் முதலில் தருவது ஸ்டீராய்டு. பலருக்கு அதிலேயே அடங்கிவிடும். ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்கோ, அதற்கும் மேலாகவோ ஸ்டீராய்டு போதாமல் போகிறது. அப்புறம் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு இன்று பதில் இருக்கிறது. அந்தப் பதில் வந்து சேர்ந்த பாதைதான் வினோதம். நியூயார்க்கில் ஆரம்பித்து நம் செங்கல்பட்டுப் பக்கம் வரைக்கும் ஓடுகிற பாதை அது. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை.

*

1891. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்றொரு இளம் சர்ஜன். கையில் புற்றுக்கட்டி வந்த ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கையையே வெட்டியெடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. தூக்கம் போய்விட்டது மனிதருக்கு. பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைக் கிளறினார். ஒரு கேஸ் மாட்டியது. கழுத்தில் புற்றுக்கட்டி. பலமுறை அறுத்தும் திரும்பத் திரும்ப வளர்ந்தது. போதாக்குறைக்கு நோயாளிக்கு அக்கி போலப் படரும் ஒரு பாக்டீரியாத் தொற்று, கடும் காய்ச்சல். செத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தபோது காய்ச்சலோடு சேர்ந்து கட்டியும் காணாமல் போயிருந்தது!

கோலி அந்த ஆளைத் தேடி நியூயார்க்கின் ஏழைகள் குடியிருப்புகளில் தெருத்தெருவாக அலைந்தார். கண்டுபிடித்தார். மனிதர் நன்றாகவே இருந்தார். அப்புறம் கோலி செய்ததை இன்றைக்கு யாராவது செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். புற்றுநோயாளிக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசியில் ஏற்றினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலருக்கு உயிரே கரைந்தது. பிறகு உயிருள்ள கிருமிக்குப் பதிலாகக் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையைப் பயன்படுத்தினார். அதற்குள் ரேடியம், எக்ஸ்-ரே எல்லாம் வந்துவிட்டன. 1936-ல் கோலி இறந்தபோது அவரது வைத்தியத்தைப் பெரிய டாக்டர்கள் யாரும் சீந்தவில்லை.

ஆனால் கேள்வி சாகவில்லை. காய்ச்சல் வந்தால் கட்டி ஏன் கரைந்தது? உடம்பு அப்போது எதைச் சுரந்தது?

1975-ல் அதே நியூயார்க்கில் லாயிட் ஓல்ட் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் விடையைப் பிடித்தார்கள். எலிகளுக்கு முதலில் பி.சி.ஜி. கொடுத்தார்கள். ஆமாம், குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பூசி. பிறகு பாக்டீரியாவின் நஞ்சை ஏற்றினார்கள். அந்த எலிகளின் ரத்தத்தில் வந்த ஏதோ ஒன்று கட்டிகளை அழுக வைத்தது. 'ட்யூமர் நெக்ரோஸிஸ் ஃபேக்டர்' என்று பெயர் சூட்டினார்கள். கட்டியைச் சாகடிக்கும் பொருள். சுருக்கமாக டி.என்.எஃப்.

பெயரைக் கேட்டதுமே முதலீட்டாளர்களுக்கு எச்சில் ஊறியிருக்கும் இல்லையா? 1984-ல் அதன் ஜீனைப் பிரித்தெடுத்து டி.என்.எஃப்பைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நடுக்கம், ஜுரம், ரத்த அழுத்தம் அதலபாதாளம். கட்டியைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தால் ஆள் தாங்க மாட்டார். 1985-ல் இன்னொரு குண்டு விழுந்தது. நாள்பட்ட நோயில் உடம்பை உருக்கி எலும்புக்கூடாக்கும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்த புரூஸ் பாய்ட்லரும் ஆண்டனி செராமியும் அதைப் பிடித்துப் பார்த்தால், அட, அதுவும் டி.என்.எஃப்தான்!

ஆக, இது புற்றுக்கென்று பிறந்த எமன் இல்லை. உடம்பில் எங்கே தகராறு நடந்தாலும் 'ஓடி வா, ஓடி வா' என்று அடிக்கப்படும் அபாய மணி. மணி நின்றால் படை கலையும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் வீடு நாசம்.

அந்த மணியின் நாக்கைக் கட்டிப்போட வந்தவர் யான் வில்செக். செக்கோஸ்லோவாக்கியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து ஒளிந்து பிழைத்த பையன். 1964-ல் மனைவியோடு வியன்னாவுக்கு வார இறுதிச் சுற்றுலா என்று கிளம்பியவர், ஊர் திரும்பவே இல்லை. அடுத்த வருஷம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கே சீனாவிலிருந்து வந்த ஜுன்மிங் லே என்பவரோடு சேர்ந்து, டி.என்.எஃப்பைக் கவ்விப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். அதுதான் இன்ஃப்ளிக்ஸிமாப்.

முதலில் ரத்தத்தில் நச்சுப் பரவும் செப்ஸிஸுக்குக் கொடுத்தார்கள். தோல்வி. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், நம் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் 1992-ல் முடக்குவாதத்துக்குக் கொடுத்தார்கள். வீங்கிய மூட்டுகள் வற்றின. ஆம்ஸ்டர்டாமில் குடல் அழற்சி நோயான க்ரோன்ஸுக்குக் கொடுத்தார்கள். புண் ஆறியது. 1998-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த முதல் உபயோகம் குடலுக்குத்தான்.

பி.காம் படித்த ஆசாமிக்கு இந்தக் கதை லெட்ஜர் மாதிரிதான் தெரிகிறது. வரவில் எழுதி வைத்திருந்த ஒரு பெயரை எடுத்துச் செலவுப் பக்கம் மாற்றி எழுதிய பிறகுதான் கணக்கு லாபத்துக்கு வந்தது.

*

இப்போது அடுத்த தண்டவாளத்துக்கு வருவோம்.

1987-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் டி செல்லின்மேல் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். பெயர் சி.டி.எல்.ஏ-4. அது எதற்கு என்று சண்டை. ஆக்ஸிலரேட்டரா, பிரேக்கா? பிரேக்தான் என்று சொன்ன சிலரில் ஒருவர் ஜேம்ஸ் அல்லிஸன். 1995-ல் அந்தப் புரதமே இல்லாத எலிகளைப் பிறக்க வைத்தார்கள். மூன்று, நான்கு வாரங்களில் செத்துப்போயின. டி செல்கள் பெருகி வழிந்து உறுப்புகளைத் தின்றுவிட்டிருந்தன. பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எச்சரிக்கை போர்டு அன்றே மாட்டப்பட்டுவிட்டது.

அல்லிஸன் யோசித்தது வேறு. பிறவியிலேயே பிரேக் இல்லாவிட்டால் சாவு. கொஞ்ச நேரம் மட்டும் பிரேக்கைப் பிடித்து வைத்தால்? 1996-ல் எலிகளின் கட்டிகள் கரைந்தன. அதிலிருந்து வந்த மருந்து இபிலிமுமாப். உடம்பெல்லாம் பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுக்காரர்கள் 676 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-ல் வந்தது. மற்ற சிகிச்சையில் சராசரி ஆயுள் ஆறரை மாதம் என்றால் இதில் பத்து மாதம். அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பலன் கிடைத்தவர்களில் சிலர் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். அதே சோதனையில் மருந்தாலேயே இறந்தவர்கள் 14 பேர். அதில் 7 பேரின் சாவு சொந்தப் படையின் தாக்குதலோடு தொடர்புடையது. 2011-ல் அனுமதி. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ இன்னொரு பிரேக்கான பி.டி-1-ஐக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து 2018-ல் நோபல் பரிசு.

குடல் பிரச்னை அனுமதிக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். இபிலிமுமாப் பெற்ற 198 பேரைப் பற்றி அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் 2006-ல் எழுதினார்கள். ஐந்தில் ஒருவருக்குக் குடல் அழற்சி. ஐந்து பேருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது அல்லது பெருங்குடலையே அகற்ற வேண்டி வந்தது. அதே கட்டுரையில் இன்னொரு தகவல். மெலனோமாக்காரர்களில் குடல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 36 சதவிகிதம் கட்டி சுருங்கியது. பாதிக்கப்படாதவர்களில் 11 சதவிகிதம்தான். யோசித்துப் பாருங்கள். குடலைக் குதறிய அதே படைதான் புற்றையும் குதறியிருக்கிறது. எதை அடக்குவது, எதை விடுவது?

முதலில் எடுத்தது ஸ்டீராய்டு. அதற்கும் சரித்திரம் உண்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு கார்ட்டிஸோன் போட்டார் ஃபிலிப் ஹென்ச். சில நாளில் எழுந்து நடந்தாள். 1950-ல் நோபல். 1955-ல் ஆக்ஸ்போர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 குடல்புண் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, கார்ட்டிஸோன் பலன் தருவதை நிரூபித்தார்கள். அன்றிலிருந்து குடல் அழற்சி என்றாலே ஸ்டீராய்டுதான்.

ஆனால் ஸ்டீராய்டு என்பது ஊரடங்கு உத்தரவு. நல்லவன், கெட்டவன் பார்க்காமல் எல்லோரையும் வீட்டுக்குள் அடைக்கும். நாலு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் அடைத்து வைத்தால்? சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், வழியில் போகிற கிருமியெல்லாம் உள்ளே வரும். அதனால்தான் இன்றைய விதி, காத்திருக்காதே என்கிறது. மூன்று முதல் ஐந்து நாளில் ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால் அடுத்த மருந்துக்குப் போ.

எது அடுத்த மருந்து? 2006-ன் அந்த 198 பேரில், ஸ்டீராய்டுக்கு மசியாத நான்கு பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். கேட்டது! கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் டிரிப்ஸில் ஏற்றுவது வழக்கம். பலருக்குச் சில நாட்களிலேயே பேதி அடங்குகிறது.

விளங்குகிறதா வேடிக்கை? 'புற்றைக் கொல்லும் பொருள்' என்று பெயர் வாங்கிய டி.என்.எஃப்பைக் கட்டிப்போட்டுத்தான், புற்றைக் கொல்லப் போன சிகிச்சையிலிருந்து மனிதனைக் காப்பாற்றுகிறார்கள். கோலி கிருமி ஊசியால் அடித்து எழுப்பிய அதே மணியை!

அப்படியானால் புற்று மறுபடி தலைதூக்காதா? நியாயமான பயம். ஓரிரு டோஸால் அப்படி ஆகும் என்று இதுவரை உறுதியாகவில்லை. 2019-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் எலிகளில் டி.என்.எஃப்பை முன்கூட்டியே தடுத்துவிட்டு இம்யூனோதெரபி கொடுத்தார்கள். குடலும் பிழைத்தது, புற்றின் மேலான தாக்குதலும் குறையவில்லை. எலிக்குச் சரி. மனிதனுக்கும் அப்படித்தானா என்பதை நோயாளிகளிடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

*

நமக்கென்று தனியாக ஒரு பயம் இருக்கிறது. அதற்குத்தான் செங்கல்பட்டைச் சொன்னேன்.

திண்டிவனத்தைத் தாண்டி வடக்கே போனால் வருவது செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் என்று பிரிந்திருக்கும் பகுதிகளில், 1968-ல் ஆரம்பித்து இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பி.சி.ஜி. அல்லது வெறும் ஊசி போட்டு உலகின் மிகப்பெரிய தடுப்பூசிச் சோதனை ஒன்று நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. உலகமே அதிர்ந்தது. அந்தக் கிராமங்கள் சொன்ன இன்னொரு பாடம், இந்த மண்ணில் ஏராளமானவர்களின் உடம்புக்குள் காசநோய்க் கிருமி ஏற்கெனவே குடியிருக்கிறது என்பது. நோய் இல்லை, கிருமி தூங்குகிறது. அதைச் சுற்றி உடம்பு சுவர் கட்டி வைத்திருக்கிறது.

அந்தச் சுவரை நிற்க வைக்கும் கொத்தனார் யார் தெரியுமா? டி.என்.எஃப். கொத்தனாரைக் கட்டிப்போட்டால் சுவர் சரியும். 2001-ல் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்தவர்களில் காசநோய் கிளம்பிய 70 பேரின் விவரத்தை வெளியிட்டு எச்சரித்தார்கள். ஆகவேதான் மருந்தை ஏற்றுவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்-ரே, காசநோய்ப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி வைரஸ் டெஸ்ட் எல்லாம் கேட்கிறார்கள். 'பேதிக்கு வந்தவனுக்கு எதுக்கய்யா நெஞ்சு எக்ஸ்-ரே, பணம் பிடுங்கவா?' என்று கோபப்படாதீர்கள். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

காசநோய்ப் பயம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி, 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெடோலிஸுமாப். குடலுக்குப் போகிற டி செல்லிடம் ஒரு டிக்கெட் இருக்கும். அந்த டிக்கெட்டை மட்டும் இது பிடுங்கிக்கொள்கிறது. ஜங்ஷனை மூடாமல் பாண்டிச்சேரிக் கிளையை மட்டும் மூடுகிற மாதிரி. கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும். விலையும் கூடுதல்.

அதற்கும் அடங்காவிட்டால்? முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாக்களை எடுத்து நோயாளியின் குடலில் விடுவது. 1958-லேயே அமெரிக்காவில் வேறொரு குடல் நோய்க்கு நான்கு பேரிடம் செய்து பார்த்தது. 2018-ல் டெக்ஸாஸின் எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரியில், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப், வெடோலிஸுமாப் மூன்றும் கைவிட்ட இரண்டு பேருக்கு இதைச் செய்து குணமாக்கியதாக எழுதினார்கள். நம் லூதியானாவில் ஒரு மருத்துவக் கல்லூரியிலும் வேறுவகைக் குடல் அழற்சிக்கு இந்த வைத்தியம் நடக்கிறது.

'இதெல்லாம் கோடீஸ்வரன் வியாதிக்கு வைத்தியம், நமக்கெங்கே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டது. வாய், தொண்டைப் புற்று முற்றியவர்களுக்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவிகிதத்திலிருந்து 43 சதவிகிதமானார்கள். புகையிலையும் பாக்கும் மெல்லுகிற தேசத்துக்கு இது பெரிய சேதி. இன்ஃப்ளிக்ஸிமாப்புக்கும் 2014-லேயே இங்கே உள்நாட்டு நகல் வந்துவிட்டது. மருந்து சின்ன ஊர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. மருந்து வந்தால் பக்கவிளைவும் கூடவே வரும்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் ஒரு அட்டையில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள். வழக்கத்தைவிட நாலு முறை அதிகமாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, அன்றைக்கே புற்று டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் சொல்லாமல் பேதி நிறுத்தும் மாத்திரை வேண்டாம். அவர் கிடைக்கவில்லை, ராத்திரி நேரம், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்றால் டியூட்டி டாக்டரிடம் 'கீமோ போட்டாங்க சார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அட்டையை நீட்டி 'இம்யூனோதெரபி' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் பேதி வரும். கீமோ பேதிக்குச் செய்கிற வைத்தியம் வேறு, இதற்கு வேறு. எது என்று தெரியாமல் டாக்டர் மட்டும் என்ன செய்வார்?